பவர் பிரஸ்ஸில் விரல் போய்விட்டது, 50,000 தருகிறேன் என்கிறார் முதலாளி. கையெழுத்துப் போடலாமா?

தென்காசிக்காரன் (2025 மே)

எல்லோருக்கும் வணக்கம். இடது கைக் கட்டை விரலால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஓசூரில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தேன். தகட்டில் பிராக்கெட், கிளாம்ப், வாஷர் என்று சின்னச் சின்ன உருப்படிகள் அடித்துப் பெரிய கம்பெனிகளுக்குப் போடும் இடம். போன செப்டம்பரில் நைட் ஷிஃப்டில் 40 டன் பிரஸ்ஸில் வலது கை மாட்டிக்கொண்டது. பெடலை ஒரு தடவைதான் மிதித்தேன், மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம் (ராம்) இரண்டு தடவை இறங்கியது. ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. நடுவிரலில் மேல் இரண்டு கணு இல்லை. அப்போது எனக்கு வயது 33.

அந்த மெஷின் வந்தபோது இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். ஒரு கையால் உருப்படியை எடுத்துக்கொண்டே அடித்தால் எண்ணிக்கை கூடும் என்று சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பட்டனைத் துண்டித்துவிட்டுப் பெடல் போடச் சொன்னார். என் கண் முன்னால் நடந்தது.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மனசு வரவில்லை. அன்று ராத்திரி அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். தனியார் ஆஸ்பத்திரி பில் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது, முழுக்க அவர்தான் கட்டினார். ஆனால் டூட்டி டாக்டரிடம் "ரூம் கதவு இடுக்கில் கை மாட்டிக்கொண்டது" என்று சொன்னதும் அவர்தான். நான் பேசும் நிலையில் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே ஏறிவிட்டது.

இப்போது ஊரில் இருக்கிறேன். 50,000 ரூபாய் தருகிறாராம், பேக்கிங்கில் உட்காரும் வேலையும் தருகிறாராம். அதற்கு ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்கிறார். நான் தயங்கியதும் அவருடைய ஆடிட்டர் போனில் பேசினார். பட்டறையில் ஏழு பேர்தான், எந்தச் சட்டமும் பொருந்தாது என்றார். பொருந்தினாலும் பாதுகாப்பு பட்டனைப் பயன்படுத்தாமல் ஓட்டியது நீ என்றார். ரெஜிஸ்டரில் உன் சம்பளம் 9,500, ஆஸ்பத்திரிச் செலவைக் கழித்தால் நீதான் எங்களுக்குத் தர வேண்டியிருக்கும் என்று சிரித்தார். உண்மையில் என் சம்பளம் 18,000. 9,500 பேங்கில் வரும். மீதி சில மாதம் ரொக்கம், சில மாதம் சூப்பர்வைசர் ஜிபேயில் போடுவார்.

எனக்கு இரண்டு குழந்தைகள். கோர்ட், கேஸ் என்று அலைய பயமாக இருக்கிறது. 50,000 நியாயமான தொகையா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.


பழைய ஃபிட்டர்

தம்பி, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. மற்றதை மெதுவாகப் பேசலாம்.

நான் பிரஸ் ஷாப், டூல் ரூம் என்றே காலம் தள்ளியவன். யூனியனில் இருந்தபோது கை போனவர்களோடு லேபர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முதலாளியும் இதே நாலு வசனத்தைத்தான் பேசுவார்கள். உன் ஆடிட்டர் வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறார்.

முதலில் தலையை எண்ணு. ரெஜிஸ்டரில் இருக்கும் தலை அல்ல, உண்மையில் வேலை செய்யும் தலை. ஹெல்பர், பேக்கிங் பெண்கள், வடக்கே இருந்து வந்து மேலே ரூமில் தங்கியிருக்கும் பையன்கள், கான்ட்ராக்டில் வருபவர்கள் எல்லோரும் கணக்கு. பத்துப் பேர் இருந்து, சம்பளம் மாதம் 21,000-க்குள் என்றால் நீ இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், வருகிறாய். முதலாளி பதிவு செய்யாமலே விட்டிருந்தாலும் உன் உரிமை அங்கேதான் இருக்கிறது. கட்டாத பணத்தை அவரிடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ. கழகத்தின் பாடு. இ.எஸ்.ஐ. பொருந்தினால் இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது, இரண்டில் ஒரு கதவுதான். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

நிஜமாகவே ஏழு பேர்தான் என்றால் உனக்கு 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். ஏழு பேர் பட்டறைக்குச் சட்டம் கிடையாது என்பது சுத்தப் பொய். முன்பு சில வேலைகளுக்கு இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2009 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் விரலுக்கு விரல், கணுவுக்குக் கணு சதவீதம் போட்டு அட்டவணை இருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரலில் இரண்டு கணு போனால் 9. ஒரே விபத்தில் நடந்ததால் இரண்டையும் கூட்ட வேண்டும், 23 சதவீதம். அடுத்து சம்பளம். நீ 18,000 வாங்கினாலும் சட்டம் 15,000-க்கு மேல் எடுத்துக்கொள்ளாது, 2020 ஜனவரியில் இருந்து அதுதான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம், 9,000. வயதுக்கு ஒரு காரணி எண் உண்டு, 33 வயதுக்கு 201.66. விபத்து நடந்தபோது இருந்த வயதுதான் கணக்கு, இப்போது எத்தனை என்பது வேண்டாம். பெருக்கினால் 18,14,940. முழுக்க முடங்கிப் போனவருக்கு அந்தத் தொகை. அதில் உன் 23 சதவீதம் 4,17,436 ரூபாய்.

இன்னொன்று கேள். இந்தப் பணம் விபத்து நடந்த அன்றே அவர் தலையில் ஏறிய கடன். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நாலு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு ஒரு வருஷ வட்டி எவ்வளவு? ஐம்பதாயிரம். அவர் உனக்குத் தருகிறேன் என்பது ஒரு வருஷ வட்டியை! அதற்கு ஸ்டாம்ப் பேப்பர் வேறு. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தார் என்று இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் நினைத்தால் இதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். அதுவும் தொழிலாளிக்குத்தான் வரும்.

ஆஸ்பத்திரி பில்லைக் கழிக்கவே முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்தது இழப்பீட்டில் சேராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வைத்தியச் செலவு முழுவதும் முதலாளியுடையது. நீ கைக்காசு போட்டு மருந்து, டிரஸ்ஸிங், பிசியோதெரபி என்று செலவு செய்திருந்தால் அந்த பில்லையும் எடுத்து வை, கேட்கலாம்.

அந்த ஆடிட்டரிடம் ஒன்று கேட்க ஆசை. அவர் சொல்லும் 9,500-ஐயே வைத்தாலும் 2,64,376 ரூபாய் வருகிறதே, அது எங்கே? முழுத் தொகையை ஒப்புக்கொள்ளாத முதலாளி, தான் ஒப்புக்கொள்ளும் அளவையாவது உடனே கட்ட வேண்டும் என்றுதான் சட்டம். ரெஜிஸ்டரைக் காட்டி மிரட்டுகிறவர் அந்த ரெஜிஸ்டர் கணக்குப்படியாவது கொடுத்திருக்கிறாரா?


குமாஸ்தா

பெரியவர் கணக்கு சரி. நான் வக்கீல் ஆபீஸில் ஃபைல் கட்டுகிறவன். அந்தக் கதவு இடுக்கு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப் போவது அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான்.

ஆனால் அது ஒன்றும் இரும்புச் சுவர் இல்லை. கதவில் நசுங்கும் விரலும் பிரஸ்ஸில் அடிபடும் விரலும் எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி இருக்காது. ஆஸ்பத்திரியில் எழுத்து மூலம் கேட்டு முழு கேஸ் ஷீட், எக்ஸ்ரே, ஆபரேஷன் நோட்ஸ், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி எல்லாம் வாங்குங்கள். உள்ளே தகவல் சொன்னவர் யார் என்று பதிவாகியிருக்கும். அது முதலாளி பெயராக இருந்தால் உங்களுக்கு நல்லது. ராத்திரி ரூம் கதவில் கை நசுங்கிய ஆளை முதலாளி ஏன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு லட்சம் கட்டினார் என்று நாம் கேட்கலாம். அன்று ஷிஃப்டில் இருந்தவர்கள் யாராவது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்களா? அப்படிப்பட்டவர்தான் சாட்சிக்கு வருவார். அங்கேயே வேலையில் இருப்பவரை நம்பாதீர்கள், பாவம், அவர் பிழைப்பு அவருக்கு.

சூப்பர்வைசர் ஜிபேயில் போட்டதை எல்லாம் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள். பேங்கில் வந்த 9,500 தனி, இது தனி. வாட்ஸ்அப்பில் "இன்னைக்கு இத்தனை அடிக்கணும்" என்று குரல் பதிவு வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள்.

பாதுகாப்பு பட்டன் பற்றி ஆடிட்டர் சொன்னதில் அரைகுறை உண்மை இருக்கிறது. பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று கழற்றினாலோ, அலட்சியம் செய்தாலோ முதலாளி தப்பிக்கலாம். குடித்திருந்தாலும், தெளிவாகப் போட்ட பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினாலும் அப்படித்தான். ஆனால் பட்டனைத் துண்டிக்கச் சொன்னது சூப்பர்வைசர், துண்டித்தது எலக்ட்ரீஷியன். உங்களுக்குக் கொடுத்ததே பெடல்தான், இல்லாத பட்டனை எப்படி அமுக்குவது? நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று வாதாடினாலும் போதாது, வேண்டுமென்றே செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

அலைச்சலுக்குப் பயப்படுகிறீர்கள். ஓசூருக்குப் போக வேண்டாம். விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதிக்கு உட்பட்ட ஆணையரிடமும் போடலாம். சிவில் கோர்ட் இல்லை, தொழிலாளர் துறை அதிகாரிதான் ஆணையராக உட்காருவார். விபத்து தேதியில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும், உங்களுக்கு 2026 செப்டம்பர் வரை. ஆனால் "பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்றே காலத்தைக் கடத்துவார்கள், ஏமாறாதீர்கள். மனுவுக்கு முன்னால், எந்தத் தேதி, எந்த மெஷின், என்ன காயம் என்று எழுதி முதலாளிக்கு ஒப்புகை அட்டையோடு ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி முடிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வசதி: தீர்ப்பு வந்தபிறகு முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போக நினைத்தால் முழுத் தொகையையும் டெபாசிட் செய்த பிறகுதான் அப்பீலே எடுப்பார்கள். சும்மா இழுக்க நினைப்பவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி சான்று வாங்கினால் அதில் ஒரு சதவீதம் போடுவார்கள். அது உடம்பைப் பற்றிய கணக்கு. இழப்பீட்டுக்கு வேண்டியது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது. இரண்டையும் குழப்பி "சான்றிதழில் குறைவாகத்தானே இருக்கிறது" என்று வாதாடுவார்கள். அட்டவணையில் உள்ள காயத்துக்கு அட்டவணைதான்.

அட்டவணைக்கு மேலேயும் போக முடியும். ஒரு தச்சர், சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கை போனதற்கு அட்டவணையில் 100 கிடையாது. ஆனால் ஒரு கையோடு தச்சு வேலை பார்க்க முடியாது, அதனால் அவருக்கு முழு இழப்பு என்று ஆணையர் சொன்னார், உச்ச நீதிமன்றமும் 1975-ல் அதை ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு 100 வரும் என்று ஆசை காட்டவில்லை. வலது கை ஆபரேட்டர், பிரஸ்ஸில் அச்சு பொருத்தும் டை செட்டிங்கும் செய்தவர் என்றால் 23-க்கு மேல் கேட்டுப் பார்க்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.


சின்னப் பட்டறை ஓனர்

நானும் முதலாளிதான், ஆறு மெஷின் வைத்திருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் முதலாளியைச் சாத்துகிறீர்கள், இருக்கட்டும்.

தம்பி, அவரிடம் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? இருந்தால் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அவர் கையில் இருந்து பெரிதாக எதுவும் போகாது. இருந்தும் 50,000 பேசுகிறார் என்றால், ஒன்று பாலிசியில் உங்கள் பெயர் இல்லை, இல்லையென்றால் 9,500 என்று சொல்லித்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார். கதவு இடுக்குக் கதையும் அங்கிருந்துதான் வந்திருக்கும். பெடல் விஷயம் வெளியே வந்தால் பெரிய கம்பெனி ஆடிட்டில் ஆர்டர் போய்விடும் என்ற பயமும் இருக்கும். ஏழு பேர் பட்டறையில் ஒரே நேரத்தில் நாலு லட்சம் எடுத்துக் கொடுப்பது லேசு இல்லை. அதையும் யோசித்துப் பாருங்கள்.

என் யோசனை, சண்டைக்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். தவணையில் தரட்டும். வேலையும் இருக்கும்.


பழைய ஃபிட்டர்

ஓனர் சார், பாலிசி பற்றிச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் ஆயிரம் சொச்சம் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவருக்காக, விரல் போனவன் தவணைக்குக் காத்திருக்க வேண்டும் என்கிறீர்களே. அவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் தவணையிலா வருகிறது? அபராதம் விழுந்தால் அதை இன்சூரன்ஸ் கட்டாது, சொந்தப் பாக்கெட்டில் இருந்துதான் போகும் என்பதையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பேசட்டும், பேச வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. எவ்வளவுக்குப் பேசி முடித்தாலும் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவாக இருந்தாலோ மிரட்டி வாங்கியதாகத் தெரிந்தாலோ அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவுக்கே அனுப்பாத ஸ்டாம்ப் பேப்பரை வைத்துக்கொண்டு முதலாளி தப்பிக்க முடியாது. முழு இழப்பீட்டுக்கும் அவர் பொறுப்பு. கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறு மாதிரி உத்தரவு போட்டால்தான் உண்டு. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த வாசகம் செல்லாது. அதனால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட யாராவது இதைப் படித்தால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் உட்காராதீர்கள்.


தென்காசிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஃபிட்டர் அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு பெயராக எழுதிப் பார்த்தேன். கூட்டிப் பெருக்கும் அக்கா, முதலாளியின் மச்சான் எல்லோரையும் சேர்த்தும் எட்டுக்கு மேல் போகவில்லை. அதனால் இழப்பீட்டுச் சட்டம்தான் என்று புரிகிறது.

முதலாளியிடம் போனில் பாலிசி இருக்கிறதா என்று கேட்டேன். "யார் உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது?" என்றார். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே ஆடிட்டர் கூப்பிட்டு ஒன்றரை லட்சம் என்றார். ஆஸ்பத்திரிப் பணத்தைப் பற்றி இந்தத் தடவை அவர் பேச்சே எடுக்கவில்லை.

அன்று ஷிஃப்டில் இருந்த ஒரு பையன் இப்போது ஶ்ரீபெரும்புதூரில் இருக்கிறான், வந்து சொல்கிறேன் என்கிறான். ஊரில் பழக்கமான ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் இந்த வாரம் போகிறது. பேக்கிங் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் சண்டை ஓடுகிறது.


குமாஸ்தா

வேலைக்குப் போனால் கேஸ் போய்விடாது, அந்தப் பயம் வேண்டாம். முழுச் சம்பளம் தந்தாலும் விரல் போனது போனதுதான், அட்டவணை அப்படியே நிற்கும். ஆனால் சேரும்போது எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வவுச்சராக இருந்தாலும் சரி.


நூல்மில் ராணி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மில்லில் இ.எஸ்.ஐ. உண்டு. இழையில் யாரும் அந்தப் பக்கத்தை விரிவாகச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

எனக்கு நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் கை போனது. இ.எஸ்.ஐ.யில் மொத்தமாகக் கையில் தர மாட்டார்கள், மாதா மாதம் வரும். விபத்து நடந்ததும் மில்லில் இருந்து விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், அனுப்பினார்களா என்று விடாமல் கேளுங்கள். காயம் ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அப்புறம் மெடிக்கல் போர்டில் உட்கார வைத்துச் சதவீதம் போடுவார்கள். அந்தச் சதவீதத்துக்கு ஏற்ற பங்கு ஆயுள் முழுக்க வரும். தம்பியின் 18,000 சம்பளத்துக்கு 23 சதவீதம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 3,700 ரூபாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு, இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்று கிடையாது. போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு வீட்டில் மொத்தமாகக் கேட்டு நச்சரிக்க ஆள் இருப்பதால் மாதா மாதம் வருவதுதான் நிம்மதி.


புதியவன் (2026 ஜனவரி)

பழைய இழை என்று தெரிகிறது. என் அண்ணனுக்குப் போன மாதம் லேத்தில் கட்டை விரல் போனது. 1923 சட்டமே இப்போது இல்லை என்கிறார்களே?


குமாஸ்தா

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் இரண்டும் அதற்குள் போய்விட்டன. உங்கள் அண்ணன் விபத்து டிசம்பர் என்பதால் புதிய சட்டத்தில்தான் கேட்க வேண்டும். காயத்துக்குச் சதவீதம், வயதுக்குக் காரணி என்ற முறை மாறவில்லை. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால் இப்போது இழப்பீட்டில் சேரும், அது புதிது. முதலில் கேஸ் ஷீட்டையும் ஏ.ஆர். காப்பியையும் வாங்குங்கள். கட்டை விரல் முழுவதும் போனதா, மேல் கணு மட்டுமா என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே போடுங்கள். தொகை அதில்தான் மாறும்.